இடப்பக்கத்துப் பெட்டி

என் மனைவிக்குக் காதுதான் தொழில். கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர். சனி, ஞாயிறு பின்னேரங்களில் வீட்டு அறைக்குள் கணினிக்கு முன்னால் இருந்து, லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற நாலு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே பிள்ளை ஒரு மயிரிழை விலகிப் பாடினால் இங்கே ஒட்டுசுட்டானில் இவள் முகம் சுளிப்பாள். நானோ வயல் செய்கிறவன். எனக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுதான். வாட்டர் பம்ப் ஓடினால் மட்டும், எந்த நட்டு இளகியிருக்கிறது என்று வரம்பில் நின்றே சொல்லுவேன்.

போன மாரி தொடங்கிய நேரம் அவளுடைய காதுக்குள் புண் வந்தது. மணிக்கணக்காக ஹெட்போன் போட்டதால் வந்தது, இனி அதைத் தொடவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். புண் மாறிவிட்டது, பயம் மாறவில்லை. சண்டைக் காலத்தில் பக்கத்தில் செல் விழுந்து வெடித்ததிலிருந்து அவளுடைய இடது காதுக்குள் இடைக்கிடை ஓர் இரைச்சல் வரும். என்றைக்காவது அந்தக் காது போய்விடும் என்று அவள் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டே இருந்தாள். யானை கலைக்க வெடி கொளுத்தினால் முதலில் இடது காதைத்தான் பொத்துவாள்.

ஹெட்போன் இல்லாமல் கணினியின் சொந்தச் சத்தத்தில் வகுப்பு எடுக்க முடியவில்லை. பிள்ளைகள் எல்லாரும் தகரப் பேணிக்குள் இருந்து பாடுகிறார்கள் என்றாள்.

“மேசையிலை வைக்க ரெண்டு சின்ன ஸ்பீக்கர் வேணும். நாளைக்கு உரம் எடுக்கக் கிளிநொச்சிக்குப் போறியள்தானே, வரேக்கை வாங்கிக்கொண்டு வாங்கோ.”

“எனக்கு உதுகளைப் பற்றி என்ன கோதாரி தெரியும்?”

“ஒண்டும் தெரியத் தேவையில்லை. கேட்டுப் பாத்து வாங்குங்கோ. காது இருக்குத்தானே?”

மேசையில் இடமும் பெரிதாக இல்லை. நடுவில் திரை, ஒரு பக்கம் சுருதிப் பெட்டி, மற்றப் பக்கம் அவளுடைய கொப்பிகள். மிஞ்சிய இடத்தைச் சாணால் அளந்தேன். என் சாண் ஒன்று சொன்னது, அவள் சாண் இன்னொன்று சொன்னது. கடைசியில் விளக்குமாற்றில் இருந்து ஓர் ஈர்க்கை எடுத்து அந்த இடத்துக்கு அளவாக முறித்துச் சேர்ட் பொக்கெற்றுக்குள் வைத்தேன். அவள் தன் குரலில் ஸ்வரம் பாடி என் போனில் பதிந்து தந்தாள்.

“இதைப் போட்டுக் கேளுங்கோ. கீழை இறங்கேக்கை ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியத் தெரியவேணும். அவங்கள் டும் டும் எண்டு பாட்டைப் போட்டுக் காட்டுவாங்கள். மயங்கிப்போடாதேங்கோ.”

மறுநாள் மாங்குளத்தில் பஸ் மாறிக் கிளிநொச்சிக்குப் போனேன். உரத்தை எடுத்து ஒரு தெரிந்த கடையில் வைத்துவிட்டு, பெரிய வீதியில் இருந்த கணினிக் கடைக்குள் ஏறினேன். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். நான் வாயைத் திறக்க முன்னரே ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். பச்சை, சிவப்பு லைற் எல்லாம் அதில் ஓடியது. பாட்டைப் போட்டார். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

“எப்பிடி அண்ணை? கோயில் திருவிழாவுக்கே காணும்!”

“தம்பி, என்ரை வீட்டிலை திருவிழா இல்லை. மேசையிலை வைக்கிறதுக்கு.”

“அப்ப மூண்டு பெட்டி செற் எடுங்கோ. ரெண்டு மேலை, ஒண்டு மேசைக்குக் கீழை.”

“மேசைக்குக் கீழை நாய் படுக்கிறது.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வரிசையாக எடுத்து வைக்கத் தொடங்கினார். ஒன்று கரண்டில் வேலை செய்யும், ஒன்று கணினியிலேயே செருகினால் போதும், ஒன்றுக்கு வயரே வேண்டாம். ஒன்று மரம், ஒன்று பிளாஸ்ரிக். ஒரு பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் எழுதியிருந்தது, அது கையளவுதான் இருந்தது. இன்னொன்றில் ஆறு வாட்ஸ் என்று எழுதியிருந்தது, அது அதைவிடக் கனமாக இருந்தது. எது பொய் என்று கேட்டேன். இரண்டும் பொய்தான், ஆனால் சின்ன எண் கொஞ்சம் குறைந்த பொய் என்றார். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. உரப் பையிலும் எண்கள்தான் எழுதியிருக்கும், ஆனால் அதை நெல் பார்த்துச் சொல்லிவிடும்.

ஈர்க்கை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். மூன்று சோடிதான் மேசைக்கு அடங்கும். “இதிலை என்ரை போனிலை இருக்கிறதைப் போடும் தம்பி” என்றேன்.

முதல் சோடியில் என் மனைவி கிணற்றுக்குள் நின்று பாடினாள். கடைக்குள் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இரண்டாவது சோடியில் அவளுக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது. மூன்றாவதில் யாரையோ ஏசிக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. ஒரே பாட்டு, ஒரே மனுசி, மூன்று குரல். திரும்பவும் முதலாவதைப் போடச் சொன்னேன். இப்போது அதிலும் தடிமன்.

“எது அண்ணை ஒறிஜினல் மாதிரி இருக்கு?” என்று அவர் கேட்டார்.

முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் குசினியில் இருந்து கூப்பிடும் குரல் தெரியும், கோபம் வந்தால் வரும் குரல் தெரியும். பாடும்போது அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஒருக்கால் அசலைக் கேட்டுவிட்டால் தெளியும் என்று நினைத்து அவளுக்குப் போன் எடுத்தேன்.

“இஞ்சாரும், ஒரு வரி பாடும்.”

“விசரோ உங்களுக்கு? நான் ஸ்டாஃப் ரூமிலை நிக்கிறன். எல்லாரும் பாக்கினம்.”

போனை வைத்த பிறகுதான் அந்தப் போனுக்குள்ளும் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது என்பது உறைத்தது. அதில் கேட்பது மட்டும் எப்படி அசலாகும்? நான் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். கடைக்காரர் ஒரு பிளேன்ரீ எடுப்பித்துத் தந்தார். குடித்துக்கொண்டே மூன்றையும் இன்னொரு சுற்றுக் கேட்டேன்.

அப்போது மூன்றாவது சோடியில் ஒன்று கேட்டது. பாட்டு இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் அவள் சின்னதாக மூச்சு எடுக்கிறாள். மற்ற இரண்டிலும் அது இல்லை. அந்த மூச்சு எனக்குத் தெரியும். படுக்கையில் திரும்பும்போதும், அரிசிப் பானையை இறக்கும்போதும் அவள் அதைத்தான் எடுக்கிறாள்.

“இதைக் கட்டும் தம்பி” என்றேன். பாக்கு நிறத்தில், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், கறுப்புத் துணி முகம் போட்ட இரண்டு பெட்டிகள். உர மூட்டைக்கு மேல் அதை வைக்க மனம் வரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் நான் தொடங்க மாட்டேன். வாட்டர் பம்புக்கு வைத்தேன், மோட்டார் சைக்கிளுக்கு வைத்தேன், மருந்தடிக்கிற மெசினுக்குக்கூட வைத்தேன். ஒரு சரஸ்வதி பூசைக்குக் கணினித் திரையின் நெற்றியில் வட்டமாக ஒன்று இருந்ததைப் பார்த்து, இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று அதிலும் வைத்தேன். அதுதான் கமரா. அடுத்த நாள் கனடாப் பிள்ளைகள் ரீச்சரைக் காணவில்லை, ஒரே மஞ்சளாய் இருக்கிறது என்று கத்தினார்கள். அன்றைக்கே அவள் உத்தரவு போட்டுவிட்டாள்.

“இனி அந்த மேசையிலை இருக்கிற ஒரு சாமானுக்கும் ஒண்டும் பூசக்கூடாது. சொல்லிப்போட்டன்.”

ஆனாலும் அவளுடைய தொழிலுக்கு வந்த சாமான். வெறும் நெற்றியோடு தொடங்க எனக்கு மனம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனபிறகு சந்தனத்தைக் கட்டியாகக் குழைத்தேன். இடப்பக்கத்துப் பெட்டியின் துணி முகத்தை மெல்லக் கழற்றினால் உள்ளே வட்டமாக ஒரு தோல், அதன் நடுவில் சின்னதாக ஒரு குமிழ். பொட்டு வைக்கவென்றே செய்த இடம் மாதிரி இருந்தது. தாராளமாகச் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். துணியைத் திரும்பவும் போட்டதும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்கத்துப் பெட்டியின் துணி கழலவில்லை. சோடியில் ஒன்றுக்கு வைத்தால் மற்றதற்கும் சேரும் என்று விட்டுவிட்டேன். இதைச் செய்துவிட்டு என்னை எவ்வளவு கெட்டிக்காரன் என்று நினைத்தேன் தெரியுமா!

முதல் சனி, ஞாயிறு அவளுக்கு ஒரே புழுகம், சந்தோசம் தாங்கவில்லை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வகுப்பு முடிந்து வெளியே வந்து, “நல்ல சாமான் எடுத்திருக்கிறியள். பிள்ளையள் பக்கத்திலை இருந்து பாடுற மாதிரி இருக்கு” என்றாள். அந்தக் கிழமை முழுக்க நான் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிறகு மழை விட்டு நாலைந்து நாள் நல்ல வெயில். அடுத்த சனிக்கிழமை லண்டன் பிள்ளையின் வகுப்பு. அவளுக்குப் பத்து வயது, அடுத்த மாதம் சங்கீதச் சோதினை. நான் வெளியே மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே வரி திரும்பத் திரும்பக் கேட்டது.

“கீழ்ப் பஞ்சமத்திலை குரல் உடையுது பிள்ளை. திரும்பப் பாடுங்கோ.”

பிள்ளை பாடியது.

“இல்லை, கரகரக்குது. சுடுதண்ணி குடிச்சிட்டுப் பாடுங்கோ.”

பிள்ளை குடித்துவிட்டுப் பாடியது. ஆறாம் தரமோ ஏழாம் தரமோ பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. தாய் வந்து, “இஞ்சை நல்லாத்தானே கேக்குது ரீச்சர்” என்றாள். அதோடு இவள் வகுப்பை முடித்துவிட்டாள்.

என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். வகுப்பில் பதிந்ததைத் திரும்பப் போட்டாள். “இதிலை இருங்கோ. இடப்பக்கத்தாலை கரகர எண்டு ஏதும் கேக்குதோ?”

கேட்டது. பொய் சொல்லி என்ன, எனக்கு நன்றாகவே கேட்டது. பிள்ளை கீழே இறங்கும்போது நட்டு இளகிய பம்ப் மாதிரி ஒரு சின்ன அதிர்வு. ஆனால் அது பிழையா, பாட்டே அப்படியா என்று எனக்கு எப்படித் தெரியும்? ரீச்சர் அவள், நான் வயல்காரன். அதோடு அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கேட்குது என்றால் ஸ்பீக்கர் பிழை, நான் வாங்கிவந்த சாமான் பிழை என்றாகிவிடும் என்று ஒரு பக்கம். அவள் பயந்துபோய் இருக்கிறாள், பயத்தைக் கூட்டக்கூடாது என்று மறுபக்கம். குழம்பிப்போய் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஒண்டும் கேக்கேல்லையே. நல்லாத்தானே இருக்கு.”

அவள் தலையாட்டினாள். இடது காதைக் கையால் பொத்தினாள், விட்டாள். பொத்தினால் கரகரப்புக் குறைகிறது, விட்டால் கூடுகிறது. பெட்டி இடப்பக்கம் இருந்தால் அப்படித்தானே இருக்கும்! அந்த நேரம் அது என் புத்தியிலும் ஓடவில்லை, அவள் புத்தியிலும் ஓடவில்லை.

“அப்ப எனக்குத்தான்” என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் எந்நேரமும் காதைச் சோதித்துக்கொண்டே இருந்தாள். சமைத்துக்கொண்டு நிற்பாள், திடீரென்று அடுப்பைக் குறைத்துவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்பாள். மணிக்கூட்டை இடது காதில் வைப்பாள், வலது காதில் வைப்பாள். நான் கதைக்கும்போது என் வாயைப் பார்க்கத் தொடங்கினாள். அடுத்த சனியும் ஞாயிறும் கரகரப்பு இன்னும் கூடிவிட்டது. வவுனியாவில் காது பார்க்கிற டொக்டருக்குத் திங்கட்கிழமைக்கு நம்பர் எடுத்தாள். அதோடு நிற்கவில்லை. வியாழன் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் சொன்னாள்:

“நாளண்டைக்கு லண்டன் பிள்ளைக்குக் கடைசி வகுப்பு. வேறை ரீச்சரைப் பாக்கச் சொல்லப்போறன். காது கேளாத ஆள் அந்தப் பிள்ளையின்ரை சோதினையைக் கெடுக்கக்கூடாது. மற்ற மூண்டு பேருக்கும் பேந்து சொல்லுறன்.”

“டொக்டரிட்டைப் போகமுன்னமே ஏன் உந்த அவசரம்?”

“உங்களுக்கு விளங்காது. நான் ஒரு பத்து வயசுப் பிள்ளையை, பிழை விடாத பிள்ளையை, அழ வைச்சிட்டன்.”

சனிக்கிழமை காலையில் ஸ்பீக்கரைக் கழற்றிப் பெட்டிக்குள் போடச் சொன்னாள். கடைசி வகுப்புக்குக் கணினிச் சத்தமே காணும், கதைக்கத்தானே போகிறேன் என்றாள். சொல்லிவிட்டு அவள் முற்றம் கூட்டப் போய்விட்டாள். நான் வலப்பக்கத்தைக் கழற்றி வைத்தேன். இடப்பக்கத்தைத் தூக்கிச் சரித்தபோது, துணியின் கீழ் விளிம்பால் கொப்பி அட்டையில் ஏதோ கொட்டியது. மஞ்சளும் சிவப்பும் கலந்த பொருக்கு. முதலில் கறையான் என்றுதான் நினைத்தேன். பிறகு துரு என்று நினைத்தேன். விரலால் தொட்டு மணந்து பார்த்தேன்.

சந்தனம்.

துணியைக் கழற்றினேன். நான் வைத்த பொட்டு காய்ந்து வெடித்து, பாதி கழன்று, குமிழின் மேல் தொங்கிக்கொண்டு நின்றது. விரல் நுனியால் தோலைத் தட்டினேன். கர்ர் என்றது. அதே கரகரப்பு. மழைக்கு ஈரமாக ஒட்டியிருந்தது, வெயிலுக்குக் காய்ந்து வெடித்திருக்கிறது. அட கடவுளே, இவ்வளவு நாளும் அவளுடைய காதுக்குள் கத்தியது என் விரலால் வைத்த பொட்டு!

காது குடைகிற பஞ்சுக் குச்சியால் துளித் துளியாக வழித்து எடுத்தேன். வயர்களைத் திரும்பக் கொழுவி, இரண்டு பெட்டிகளையும் பழைய இடத்தில் வைத்தேன். அவள் வந்து பார்த்து, “ஏன் கழற்றேல்லை?” என்றாள். “பின்னேரம் இதிலையே கேளும், கடைசி வகுப்புத்தானே” என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம்.

நாலு மணிக்குப் பிள்ளை திரையில் வந்தது. நான் கதவு நிலையில் நின்றேன். “பிள்ளை, கதைக்கமுன்னம் கடைசியா ஒருக்கா அந்த வரியைப் பாடுங்கோ” என்றாள் என் மனைவி. பிள்ளை பயந்து பயந்து பாடியது. மேலே இருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் பஞ்சமத்தில் வந்து நின்றது. ஒரு கரகரப்பும் இல்லை.

“இன்னொருக்கா.”

பாடியது.

இவள் இடது காதைப் பொத்தினாள். விட்டாள். வலது காதைப் பொத்திக்கொண்டு இடது காதால் மட்டும் கேட்டாள். கண்ணால் தண்ணீர் ஓடியது, ஆனால் குரலைத் தளரவிடவில்லை. “வடிவாப் பாடுறீங்கள். அடுத்த கிழமை வர்ணம் பாப்பம்” என்று சொல்லி வகுப்பை முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினாள்.

“இஞ்சாருங்கோ, காது திறந்திட்டுது! பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன்.”

நான் பேசாமல் இருந்திருந்தால் தேங்காயோடு முடிந்திருக்கும். எவ்வளவு சுகமாக முடிந்திருக்கும்! ஆனால் தன் காது ஒருக்கால் போய்த் திரும்பி வந்தது என்று நினைத்துக்கொண்டு, அது திரும்பவும் போகும் என்று அவள் காலம் முழுக்க மணிக்கூட்டைக் காதில் வைத்துக்கொண்டு திரிவாளே. கொப்பி அட்டையில் ஒதுக்கி வைத்திருந்த பொருக்கை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பொருக்கை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“பொட்டு வைச்சது கிடக்கட்டும்” என்றாள். “அது உங்கடை குணம். நான் உங்களைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டனான். கரகரக்குதோ எண்டு. அப்ப உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ?”

“கேட்டது.”

“பேந்து ஏன் கேக்கேல்லை எண்டு சொன்னனீங்கள்?”

குழம்பிப்போனேன் என்றேன். உமக்குப் பயம் வரக்கூடாது என்றேன். பாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றேன். எல்லாம் உண்மைதான். சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத உண்மைகள்.

“ரெண்டு கிழமை நான் தனியச் செவிடியா இருந்தனான்” என்றாள். “நீங்களும் கேட்டுக்கொண்டு பக்கத்திலைதான் இருந்திருக்கிறியள்.”

திங்கட்கிழமை வவுனியாவுக்குப் போகவில்லை. தேங்காய் உடைத்தோம், நூற்றெட்டு இல்லை, ஒன்று. ஐந்தாறு நாளாக அவள் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் அறைக்குள் இருந்து கூப்பிட்டாள். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள். போன கிழமை பிள்ளை பாடியதைப் போட்டாள்.

“என்ன கேக்குது?”

“சரியாத் தெரியேல்லை.”

“தெரியாட்டிக் காரியமில்லை. காதிலை விழுறதைச் சொல்லுங்கோ.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். “பாடமுன்னம் பிள்ளை மூச்சு எடுக்குது. உம்மை மாதிரி.”

அவள் திரும்பவும் முதலில் இருந்து போட்டாள். நானும் எழும்பவில்லை.